மூன்று தட்டு

செந்தொண்டைக் காய்ச்சல் வந்தபோது அரசாங்கம் முதல் வேலையாகத் தடை செய்தது பாட்டுக் கச்சேரியைத்தான். அந்தக் கிருமி பேசினால் இரண்டு மீட்டர் போகும், பாடினால் எட்டு மீட்டர் போகும் என்று டிவியில் படம் போட்டுக் காட்டினார்கள். அப்புறம் எவன் எங்களைக் கூப்பிடுவான்? கல்யாணத்துக்குப் பத்துப் பேர், அந்தப் பத்துப் பேரும் வாயைத் திறக்கக் கூடாது. திருச்சியிலிருந்த மெல்லிசைக் குழுக்கள் அத்தனையும் ஒரே வாரத்தில் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டன.

எங்கள் குழுவுக்குப் பெயர் பொன்மலை பிரதர்ஸ். நாங்கள் நான்கு பேர். யாரும் யாருக்கும் கூடப்பிறந்தவர்கள் இல்லை, அதிலும் இரண்டு பேர் பெண்கள். எப்போதோ பேனர் அடித்தாகிவிட்டது, மாற்றச் சோம்பேறித்தனம். நான் ஜெசிந்தா, கீபோர்டு. பாட்டு ருக்சானா. பேஸ் கிட்டார் கிளமென்ட். பகலெல்லாம் வீட்டில் உட்கார்ந்து ஒலி மென்பொருள் எழுதுகிறவன். தபலா, டோலக், கையில் அகப்பட்டால் சில்வர் தட்டு, எல்லாம் சிங்காரவேலு அண்ணன். ஐம்பத்தெட்டு வயது, உறையூரில் வீடு. எங்களுக்கு வெறும் சிங்காரம் அண்ணன்.

அண்ணனின் மூன்று தட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. கல்யாண வரவேற்பில் வாசிக்கிறவர்களுக்குப் பந்திதான் பெரிய கவலை. மேடையில் இருந்து பார்த்தால் சாப்பாட்டுக் கூடம் தெரியாது. பாட்டை முடித்துவிட்டு இறங்கிப் போனால் அப்பளத் தூளும் அடி ரசமும்தான் மிச்சமிருக்கும். அண்ணனுக்கு மட்டும் எப்படியோ மூக்கில் வேர்த்துவிடும். தபலாவுக்குச் சுருதி சேர்க்கிற சின்னச் சுத்தியலை எடுத்து, பக்கவாட்டுக் கட்டையில் டொக்... டொக் டொக் என்று மூன்று தட்டுத் தட்டுவார். இலை போட்டாச்சு, கடைசிச் சரணத்தை வெட்டு என்று அர்த்தம். ருக்சானா அடுத்த நொடியே பல்லவிக்குத் தாவிவிடுவாள், கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. நாளாக நாளாகத் திருச்சியில் எல்லாக் குழுவும் அந்தத் தட்டைக் காப்பியடிக்க ஆரம்பித்தன.

அதை வைத்து ஒரு சண்டையும் உண்டு. ஒன்பது வருடத்துக்கு முன்னால் லால்குடியில் ஒரு கல்யாணம். எங்களையும் பரந்தாமனின் ராஜகீதம் குழுவையும் சேர்த்துக் கூப்பிட்டிருந்தார்கள். பரந்தாமனும் தாளக்காரர், அண்ணன் வீட்டிலிருந்து நாலாவது வீடு. அவர் குழு வாசிக்கும்போது எங்கள் அண்ணன் மேடைக்குப் பின்னாலிருந்து பொய்யாக மூன்று தட்டுத் தட்டிவிட்டார். அவர்கள் பாட்டை அவசரமாக முடித்துக்கொண்டு ஓடிப்போய்ப் பார்த்தால், அங்கே இலை என்ன, மேஜையே போடவில்லை. மொத்தக் கல்யாண வீடும் சிரித்தது. அன்றிலிருந்து பரந்தாமன் அண்ணனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஊரடங்கு போட்டு இருபது நாளில் எனக்குப் பைத்தியம் பிடிக்கிற நிலை. என் வீட்டுக்காரரை ரயில்வே பணிமனையிலேயே தங்கவைத்துவிட்டார்கள். தனியாக எவ்வளவு நேரம்தான் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருப்பது? இணையத்தில் நால்வரும் சேர்ந்து வாசிக்கலாம் என்று பார்த்தோம். மகா கேவலமாக இருந்தது. ஊரே வீட்டுக்குள் இருந்து படம் பார்த்துக்கொண்டிருந்ததால் நெட் திணறியது. நான் இங்கே தட்டுகிற ஸ்வரம் அண்ணன் காதுக்குப் போக முக்கால் நொடி. அவர் எனக்காகக் காத்திருக்க, நான் அவருக்காகக் காத்திருக்க, பாட்டு நொண்டி நொண்டி நின்றேபோனது.

அப்போதுதான் கிளமென்ட் 'முந்தி'யைக் கொண்டுவந்தான். அவன் எழுதிய மென்பொருளுக்கு அவனே வைத்த பெயர். அது எங்கள் பழைய கச்சேரிப் பதிவுகள் அத்தனையையும் கேட்டு, ஒவ்வொருவரும் அடுத்த நொடியில் என்ன வாசிப்போம் என்று ஊகித்து, முன்கூட்டியே மற்றவர்கள் காதில் வாசித்துவிடும்.

அண்ணனுக்குப் புரியவில்லை. நான் வாசிக்கிறதுக்கு முன்னாடியே அது எப்படி வாசிக்கும், அது என்ன ஜோசியமா என்று கேட்டார்.

"அண்ணே, பந்தியில சாம்பார் வாளியத் தூக்கிட்டு ஒருத்தன் வர்றான். அவன் உங்க இலைக்கு வர்றதுக்கு முன்னாடியே நீங்க சோத்துல குழி பறிச்சிடுறீங்கல்ல?" என்றான் கிளமென்ட். "அதேதான். பழக்கம். உங்க பழக்கம் அதுக்குத் தெரியும்."

"நான் குழி பறிச்சு, அவன் ரசம் ஊத்திட்டான்னா?"

"பின்னால வர்ற நிஜத்தப் பாத்துத் திருத்திக்கும். ரொம்ப மாறியிருந்தா, நெட் கோளாறுன்னு தூக்கிப் போட்டுட்டு, வழக்கமா நீங்க வாசிக்கிறதையே வாசிக்கும்."

ஆஹா, அந்த முதல் ஒத்திகை! நாலு பேரும் நாலு மூலையில் இருக்கிறோம். பாட்டு ஒரே மேடையில் நிற்கிற மாதிரி கச்சிதமாகச் சேர்ந்து வருகிறது. என் விரல் விழுகிற இடத்தில் அண்ணனின் தபலா அடி விழுகிறது. ருக்சானா பாட்டை நிறுத்திவிட்டு அழுதாள். அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் ஒத்திகை என்று ஆரம்பித்து நாலரை மணி நேரம் வாசித்தோம்.

ஒரே ஒரு தொல்லைதான். பழைய பதிவுகளில் அந்த மூன்று தட்டும் இருந்தது அல்லவா? முந்தி அதையும் கற்றுக்கொண்டுவிட்டது. நாலு பாட்டுக்கு ஒருமுறை, அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாலும், டொக்... டொக் டொக் என்று பந்திக்குக் கூப்பிட்டது. ருக்சானா ஒரு தாலாட்டை உருகிப் பாடிக்கொண்டிருக்கிறாள், நடுவில் வந்து தட்டுகிறது. அவளும் பழக்கதோஷத்தில் சரணத்தை வெட்டிவிட்டாள். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது.

"கிளமென்ட், அந்தச் சத்தத்த வேரோட புடுங்கிப் போடு," என்றேன். "அது எங்க வந்தாலும், யாரு தட்டினாலும், ஒருத்தர் காதுலயும் விழக் கூடாது."

அவன் அப்படியே செய்தான். சொன்னது நான்தான். இதை மறைக்கப் போவதில்லை.

பிறகு சனிக்கிழமைதோறும் மாலை ஆறு மணிக்கு 'வீட்டரங்கம்' என்று ஆரம்பித்தோம். முதல் வாரம் எண்ணூறு பேர் கேட்டார்கள். அடுத்த வாரம் ஆறாயிரம். செய்தி பரவி, கரகாட்டக்காரர்கள், தேவாலயப் பாடகர்கள், பறையடிக்கிறவர்கள், பட்டிமன்றப் பேச்சாளர்கள் என்று மாவட்டத்துக் கலைஞர்கள் எல்லாம் வந்து ஒட்டிக்கொண்டார்கள். யார் எங்கே எப்போது என்று பட்டியல் போடுவதற்கே எனக்குப் பாதி வாரம் ஓடியது. மருத்துவமனைத் தனி வார்டுகளில் ஒலிபெருக்கி வைத்து எங்களை ஓடவிட்டார்கள். குரல் போய்ப் படுத்திருக்கிறவர்கள் கட்டில் கம்பியில் தாளம் போடுவதாக ஒரு நர்ஸ் எழுதியிருந்தார். நெட் தாங்காது என்பதால் படம் இல்லை; எங்கள் நாலு பேரின் புகைப்படமும் பாட்டும் மட்டும்தான். ஐந்தாவது வாரம் நாற்பதாயிரம் பேர்! பொன்மலையில் பாதிப் பேருக்கு எங்களைத் தெரியாத காலம் போய், துபாயிலிருந்து பாட்டுக் கேட்டு எழுதினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த ஐந்தாவது வாரம்தான் நடந்தது.

நாலாவது பாட்டு. வேகமான பாட்டு, இடையில் எனக்கும் அண்ணனுக்கும் நீண்ட போட்டி உண்டு. உற்சாகத்தில் எனக்குக் குறும்பு தோன்றியது. வாழ்நாளில் செய்யாத ஒரு காரியமாக, முடிக்க வேண்டிய இடத்துக்கு ஒரு மாத்திரை, அதாவது ஒரு தாள எண்ணிக்கை, முன்னாலேயே கையை எடுத்துவிட்டேன். அண்ணனை வம்புக்கு இழுத்தால் சும்மா இருக்கிற ஆளில்லை. ஒரு நொடி தாமதமாகவாவது அவர் பதிலுக்கு ஒன்று வைப்பார். நாலு அடியில் என் காலை வாரிவிடுவார். காத்திருந்தேன். தபலா எதுவும் நடக்காததுபோல ஓடிக்கொண்டிருந்தது.

மறுபடி செய்தேன். ஒன்றுமில்லை. மூன்றாவது முறை இரண்டு மாத்திரை விட்டேன், சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிகிற மாதிரி. தபலா சுத்தமாக, அழகாக, என்னைக் கண்டுகொள்ளாமல் போனது.

எங்கள் ஒவ்வொருவர் படத்துக்கும் கீழே 'நிஜம்' என்று ஒரு பொத்தான் வைத்திருந்தான் கிளமென்ட். அதை அழுத்தினால் முந்தி இல்லாமல், அவர் வீட்டு மைக்கில் உண்மையில் விழுகிற சத்தம் தாமதமாகக் கேட்கும். சோதனைக்காக வைத்தது. யாரும் தொடுவதில்லை. நான் அண்ணனுடைய 'நிஜ'த்தை அழுத்தினேன்.

தபலாவே இல்லை. மின்விசிறிச் சத்தம். அப்புறம், டொக்... டொக் டொக். நீண்ட நேரம் ஒன்றுமில்லை. டொக்... டொக்.

செந்தொண்டை முதலில் குரலை எடுத்துக்கொள்ளும், பிறகு மூச்சை. டிவியில் அதைத்தானே நாள் முழுக்கச் சொன்னார்கள். அண்ணி ஓசூரில் மகள் வீட்டுக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் வீட்டில் தனியாக, கத்த முடியாமல், கையில் அகப்பட்ட சுத்தியலால் நாங்கள் புரிந்துகொள்கிற ஒரே சத்தத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறார். அதைத்தான் நான் வேரோடு பிடுங்கச் சொல்லியிருந்தேன்.

"பாட்ட நிறுத்துங்க, அண்ணனுக்கு முடியல!" என்று மைக்கில் கத்தினேன். ருக்சானா தன் பாட்டுக்கு இரண்டாவது சரணத்துக்குப் போனாள். நான் கச்சேரி நடுவில் கத்துகிற பழக்கமுள்ளவள் இல்லையே. முந்தி என் கத்தலை நெட் கோளாறு என்று தூக்கிப் போட்டுவிட்டது. கிளமென்ட்டின் போன் அணைந்திருந்தது. கச்சேரி நேரத்தில் போனை அணைக்க வேண்டும் என்று சட்டம் போட்டவளும் இந்த மகராசிதான். ருக்சானாவின் போனில்தான் அவள் பாடிக்கொண்டிருந்தாள், அழைப்பு போகவில்லை. ஆம்புலன்ஸுக்கு அடித்தேன்; எல்லா வண்டியும் வெளியே, இருபத்தைந்து நிமிடமாகும் என்றார்கள்.

நாலாவது வீடு ஞாபகம் வந்தது.

"பரந்தாமண்ணே, பொன்மலை ஜெசிந்தா பேசுறேன். சிங்காரண்ணன் வீட்டுக்கு ஓடுங்க. உள்ள விழுந்து கிடக்குறார்னு நெனக்கிறேன், கட்டையில தட்டிக்கிட்டே இருக்கார்."

"மூணு தட்டா? எத்தன தடவம்மா ஏமாறுறது?" என்றார்.

எனக்குக் கெஞ்சவும் நேரமில்லை, திட்டவும் நேரமில்லை. போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தேன். டொக்... டொக்... அப்புறம் வெகுநேரம் கழித்து, ஒரு டொக்.

"தாளம் தப்புது," என்றார் பரந்தாமன். குரலே மாறிவிட்டது. "சிங்காரம் எதுல வேணாலும் ஏமாத்துவான். தாளத்துல ஏமாத்த மாட்டான்."

அவர் ஓடுகிற சத்தம் கேட்டது. கதவை உதைக்கிற சத்தம். பிறகு அவரது லோடு ஆட்டோ கிளம்புகிற சத்தம். கச்சேரிக்கு ஸ்பீக்கர் பெட்டி ஏற்றுகிற வண்டி அது, கூரையில் நாலு கூம்பு ஸ்பீக்கர். மைக்கைப் போட்டு, "உசிரு போகுது, தடுப்ப எடுங்க" என்று அவர் அலறியதை உறையூர் மாடிகளில் நின்றவர்கள் எல்லாம் கேட்டிருக்கிறார்கள். வண்டி போய்ச் சேருவதற்கு முன்பே போலீஸ்காரர்கள் தடுப்பை இழுத்து ஓரமாகப் போட்டார்களாம். போனைக் காதில் வைத்துக்கொண்டு நான் என் வீட்டு நடுக்கூடத்தில் அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தேன், நான்தான் வண்டியை ஓட்டுகிற மாதிரி. ஆஸ்பத்திரி வாசல், ஸ்ட்ரெச்சர், யாரோ கத்துகிறார்கள். கடைசியில் பரந்தாமன் மூச்சு வாங்க, தொண்டையில் குழாய் போட்டுவிட்டார்கள், நெஞ்சு ஏறி இறங்குகிறது என்றார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பக் கீபோர்டுக்கு வந்தபோது இருபத்தேழு நிமிடம் ஆகியிருந்தது. கச்சேரி அப்போதுதான் முடிந்து, ருக்சானா நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். கிளமென்ட் முந்தியை அணைத்ததும் அவள் குரல் என்னிடம் வந்தது: "ஜெசி அக்கா, இன்னிக்கு என்ன சாப்ட்டீங்க? அந்தக் கடைசிப் பாட்டுல நீங்களும் அண்ணனும் பின்னிட்டீங்க."

நான் விஷயத்தைச் சொன்னேன்.

கடைசி நாலைந்து பாட்டில் நானும் இல்லை, அண்ணனும் இல்லை. நாற்பதாயிரம் பேரில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. போகட்டும், தெரியாததுகூடப் பரவாயில்லை. இதுவரை வந்த கச்சேரிகளிலேயே அந்தக் கடைசிப் பாட்டுதான் உச்சம் என்று ஆயிரக்கணக்கில் எழுதியிருந்தார்கள். அதைத் தனியாக வெட்டி ஊரெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தையும் அவமானத்தையும் எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

கிளமென்ட் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் நாங்கள் பேசியபோது, அந்த மூன்று தட்டை மட்டும் அழிக்காமல் விடும்படி மாற்றிவிடுகிறேன், கூடவே கத்தினால் கேட்கிற மாதிரியும் செய்துவிடுகிறேன் என்றான். ருக்சானாவும் அவன் பக்கம். வார்டில் படுத்திருக்கிறவர்கள் சனிக்கிழமைக்காகக் காத்திருக்கிறார்கள், அவர்களை விட்டுவிட முடியுமா என்று கேட்டாள். அது நியாயமான கேள்விதான்.

"மூணு தட்ட விட்ருவ, சரி," என்றேன். "நாளைக்கு அவரு நாலாவதா ஒண்ணு தட்டுவாரு. இதுவரைக்கும் தட்டாத ஒண்ணு. அது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, அவருக்கே அப்பத்தான் தெரியும். அத உன் முந்தி கேக்க விடுமா?"

வழி சொன்னது ருக்சானாதான். கும்மிப் பாட்டில் ஒருத்தி பாடியதை மற்றவர்கள் அடுத்த சுற்றில் வாங்கிப் பாடுவதில்லையா, தாமதத்தோடு மல்லுக்கட்டாமல் அதையே தாளமாக்கிக்கொள்ளலாமே என்றாள். கிளமென்ட் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஊகிக்கிறதை எல்லாம் எடுத்துவிட்டு, யார் வாசித்தாலும் சரியாக எட்டு மாத்திரை கழித்து, வாசித்தது வாசித்தபடி மற்றவர்களுக்குப் போகும்படி செய்தான். இனி ஒரே நேரத்தில் சேர்ந்து வாசிக்க முடியாது. ஒரு சுற்றுக்கு முன்னால் அவர் சொன்னதற்கு இப்போது நான் பதில் சொல்லலாம். பழைய பாட்டு ஒன்றுகூட அதில் உட்காரவில்லை. எல்லாவற்றையும் புதிதாகக் கட்டினோம். மூன்று வாரம், காய்ச்சல் கண்டவர்கள் மாதிரி உழைத்தோம். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்து வெகுநாள் ஆகியிருந்தது.

அண்ணனைத் தொட்டுத் தூக்கியதால் பரந்தாமனையும் அதே வார்டில், பக்கத்துக் கட்டிலில் பதினாலு நாள் வைத்துவிட்டார்கள். அவருக்கு ஒன்றும் வரவில்லை. பதில் பேச முடியாத ஆளிடம் ஒன்பது வருடக் கோபத்தை நிதானமாகத் திட்டித் தீர்த்தார் என்று நர்ஸ் சொன்னார்.

மத்தியானமே தொண்டை கரகரத்ததாம் அண்ணனுக்கு. சொன்னால் வார்டுக்குத் தூக்கிப் போய்விடுவார்கள், சனிக்கிழமை போய்விடும் என்று மறைத்திருக்கிறார். எனக்குப் போனில் எழுதி அனுப்பினார். நான் எழுத்திலேயே அவரைக் கிழித்துத் தோரணம் கட்டினேன். பிறகு, கேட்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்ததால், அந்தக் கடைசிப் பாட்டை அனுப்பினேன். இரண்டு முறை கேட்டிருக்கிறார். அப்புறம் எழுதினார்: "நல்லா வாசிக்கிறான். ஆனா இந்த ஆளுக்குப் பசியே இல்ல ஜெசி."

அண்ணன் வீடு திரும்பிய சனிக்கிழமை, முந்தி இல்லாத முதல் கச்சேரி. பேச்சு இன்னும் வரவில்லை, கை வந்துவிட்டது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் கேட்டார்கள். பழைய மாதிரி இல்லையே, ஏன் எல்லாம் தள்ளித் தள்ளி வருகிறது என்று நாலு பேர் எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். அண்ணன் முதல் பாட்டிலேயே என் காலை வாரினார். எட்டு மாத்திரை கழித்து நான் அதைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, இன்னொரு முறுக்கு முறுக்கி அனுப்பினார். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் துளியும் தெரியாது. உள்ளங்கை வேர்த்து, விரல் வழுக்கி, இரண்டு இடத்தில் தப்பாக வாசித்தேன். தப்பையும் அவர் விடவில்லை, எடுத்துத் தாளத்தில் கோத்துவிட்டார்.

மூன்றாவது பாட்டு. ருக்சானா இரண்டாவது சரணத்தை முடிக்கிறாள்.

டொக்... டொக் டொக்.

என் கை நின்றது. ருக்சானா நின்றாள். கிளமென்ட் போனை எடுத்துவிட்டான், இப்போதெல்லாம் அவன் அதை அணைப்பதில்லை. "அண்ணே," என்று மூன்று பேரும் கத்தினோம். நான் அதற்குள் பரந்தாமன் எண்ணை அடித்துவிட்டேன். மணி போய்க்கொண்டே இருக்கிறது, அவர் எடுக்கவில்லை. என் நெஞ்சு அடித்த அடியை மைக்கே பிடித்திருக்கும்.

அப்போது அண்ணனிடமிருந்து எழுத்து வந்தது.

"இல போட்டாச்சு. பரந்தாமன் வீட்டு விரால் மீன் கொழம்பு. தூக்கிட்டு வந்து எதுக்கால உக்காந்துருக்கான். ஆறிடும்."

சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஒரு சத்தம் என்னிடமிருந்து வந்தது. அது எட்டு மாத்திரை கழித்து மூன்று வீட்டுக்கும், முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும், வந்தது வந்தபடியே போய்ச் சேர்ந்தது. ருக்சானா கண்ணைத் துடைத்துக்கொண்டு பல்லவிக்குத் தாவினாள். கடைசிச் சரணத்தை வெட்டிவிட்டோம்.